நூல் பிடித்து ஏற்றிய சீட்

புதிதாக விசில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியப் பிள்ளைகளே, ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வந்த உங்கள் செயலாளர், "மேடம், நீங்க வாங்கிக் குடுத்த கப்பு, மெடல் பத்தி எழுதுங்க, புதுசா வந்தவங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். கப்பெல்லாம் அந்தந்தப் பள்ளிக்கூட பீரோவில் தூசி படிந்து கிடக்கிறது. வேண்டுமென்றால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது ஒரு சைக்கிள் சீட்டைப் பற்றி. கடலூரிலும் சிதம்பரம் பக்கத்திலும் மாறிமாறி வேலை பார்த்த எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஆரம்பித்து வைத்தது எந்த மாவட்டப் போட்டியும் இல்லை. அந்தச் சீட்தான்.

நம்முடைய வேலை என்னவென்று உங்களுக்கு இன்னும் முழுசாகத் தெரிந்திருக்காது. விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது மிச்சம் இருக்கிற நேரத்தில் செய்வது. பிரேயரில் வரிசை பார்ப்பது, நகம் பார்ப்பது, மயங்கி விழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் தெளிப்பது, சாமியானா போடுகிறவனோடு சண்டை பிடிப்பது, விருந்தினர் காருக்கு நிழல் தேடி வைப்பது என்று, யாருக்கும் ஒதுக்காத வேலை எதுவானாலும் பி.டி. டீச்சர் தலையில்தான் வந்து விடியும். இலவச சைக்கிளும் அப்படித்தான் வந்து விடிந்தது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் புவனகிரிப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு சைக்கிள் வந்தது. லாரியில் பாகம் பாகமாக வந்து இறங்கும். ஃபிட்டர்கள் வாலிபால் கிரவுண்டிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்து பூட்டுவார்கள். கிரவுண்ட் முழுக்க அட்டைப்பெட்டியும் கிரீஸும். என் டீம் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள், நானும் அவர்களோடு நின்று பல்லைக் கடித்தேன்.

பூட்டி முடித்து வரிசையாக நிறுத்தியதும் தலைமையாசிரியை வந்து பார்த்தார். நல்ல மனுஷி. பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்தான். ஆனால் விழா என்று வந்துவிட்டால் அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது.

"என்ன டீச்சர், சீட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கீழ நிக்குது? போட்டோவுல அசிங்கமா தெரியும்."

"புள்ளைங்களும் அப்பிடித்தான் மேடம் இருக்காங்க. ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை."

"ஃபங்ஷன் முடியட்டும். அப்புறம் அவுங்கவுங்க சரி பண்ணிக்குவாங்க."

வாலிபால் கம்பத்துக்குக் கம்பம் நூல் கட்டினார்கள். சுவர் எழுப்ப நூல் பிடிப்பார்களே, அதே மாதிரி. எந்த உயரத்துக்குக் கட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃபிட்டர் தன் இடுப்புக்குச் சரியாகக் கட்டினான். ஆள் நல்ல வளர்த்தி. அத்தனை சீட்டும் அந்த நூலைத் தொட்டுக்கொண்டு நின்றது, நட்டை மூச்சைப் பிடித்து முறுக்கினார்கள். விழா ஜோராக நடந்தது. போட்டோவும் நன்றாகத்தான் வந்தது. மறுநாள் பார்த்தால் ஃபிட்டரும் இல்லை, ஸ்பேனரும் இல்லை.

இதோடு நின்றிருந்தால்கூட நான் மாத்திரை இல்லாமல் தப்பித்திருப்பேன். நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. புதுசாக எது வாங்கினாலும் மேலே இருக்கிற பிளாஸ்டிக் கவரைக் கிழிக்க மாட்டார்கள். அழுக்காகிவிடுமாம். சைக்கிள் சீட் மட்டும் விதிவிலக்கா? கவரோடு உட்கார்ந்தால் வழுக்குகிறது. வழுக்குகிறது என்று போனால் சைக்கிள் கடைக்காரர் சீட்டின் மூக்கை மேலே தூக்கி வைத்துவிடுகிறார். மூக்கு தூக்கினால் இடிக்கிறது. இடிக்கிறது என்று ஸ்பாஞ்சு வைத்துக் குஞ்சம் வைத்த உறை போடுகிறார்கள். ஏற்கெனவே எட்டாத சீட் இன்னும் உயரமாகிறது. கால் எட்டாமல் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மிதித்தால் தோல் உரியாமல் என்ன செய்யும்? கவரைக் கிழி, நட்டை இறக்கு, முடிந்தது. இரண்டே வேலை. அந்த இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி, ஒருத்தியும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். கால் வலி சொல்வார்கள், தலைவலி சொல்வார்கள். உட்காருகிற இடத்தில் வலி என்று நம் ஊரில் ஒரு பெண்பிள்ளை தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பெடல் கனமாக இருக்கிறது என்பாள். எதிர்க்காற்று என்பாள். வயிற்று வலி என்று லீவு போடுவாள். நாம் வயிற்று வலிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்போம்.

அமலா அப்படித்தான் லீவு போட ஆரம்பித்தாள். வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். சயின்ஸ் குரூப். அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அவள் ஊருக்கு வருகிற பஸ் பள்ளியில் முதல் பீரியட் முடிந்த பிறகுதான் வரும். அதனால் சைக்கிள் கிடைத்தால்தான் படிப்பு என்று அப்பா சொல்லியிருந்தார், கிடைத்தது. கிடைத்த பிறகுதான் பிள்ளை வரவில்லை. வாரத்தில் பாதி நாள் ஆப்சென்ட். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "போய்ப் பாத்துட்டு வாங்க டீச்சர். இப்பிடியே போனா அட்டெண்டன்ஸ் இல்லாம பரிட்சையே எழுத முடியாது" என்றார். வழக்கம்போல அதுவும் என் தலையில்.

என் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அப்பா சவரிமுத்து வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார். அவ்வளவு உயரம். இரண்டு மாடு, கொஞ்சம் குத்தகைக் கொல்லை. விடியற்காலையில் புவனகிரிக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவாராம். அரசாங்க சைக்கிள் வாசலில் நின்றது. கேரியரில் பால் கேன் உரசிய தடம்.

"வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல டீச்சர். தெனம் நான்தான் பால் ஊத்த எடுத்துட்டுப் போறேன். வெண்ணெ மாதிரி போவுது. எனக்கு ஒண்ணும் ஆவல, இதுக்கு மட்டும் என்னா ஆவுதுன்னு தெரியல."

பின்னால் நின்ற அமலாவைக் கேட்டேன். "பெடல் கனமா இருக்கு டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

புவனகிரியில் ஒரு சைக்கிள் கடையில் விடச் சொன்னேன். பெடலைக் கழற்றி எண்ணெய் விட்டார்கள். இரண்டு நாள் வந்தாள், மறுபடி காணோம். இந்தத் தடவை செயின் கழல்கிறதாம். செயினை இறுக்கினார்கள். அப்புறம் பிரேக் பிடிக்கவில்லையாம். பிரேக்கையும் பார்த்தார்கள். கடைக்காரர் கடைசியில் என்னிடமே கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சர், இந்த வண்டியில நான் இன்னும் கழட்டாதது பெல்லு ஒண்ணுதான். அந்தப் புள்ளைக்குப் படிக்க இஷ்டமில்ல போல, வுட்டுருங்க."

எனக்கும் மூக்கின் மேல் கோபம் வந்தது. ஆனால் படிக்க இஷ்டமில்லாத பிள்ளை லீவு போட்ட நாளின் பாடத்தைப் பக்கத்தில் இருக்கிறவளிடம் கேட்டு எழுதிக்கொள்ளாது. அமலா எழுதிக்கொண்டிருந்தாள். அதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

கடலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த டீச்சர் இருந்தார். அவருக்குக் கீழேதான் வேலை கற்றுக்கொண்டேன். கண்டிப்பானவர், சிரித்துப் பார்த்ததில்லை. கபடி ஆடிக் காலைத் தாங்கித் தாங்கி நடந்த பிள்ளையிடம் நான் "எங்கடி வலிக்குது, எங்கடி வலிக்குது" என்று கத்திக்கொண்டிருந்தபோது என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னார்: "அது சொல்லலன்னா மொதல்ல ஒன்னோட வலியச் சொல்லு. அப்புறம் பாரு, தானா வாயத் தொறக்கும்." அது சைக்கிளுக்கும் செல்லும் என்று எனக்குப் புத்தி வர இத்தனை நாள் ஆனது.

அடுத்த தடவை போனபோது மொபெட்டைச் சவரிமுத்துவிடம் கொடுத்து, "பொண்ண பின்னாடி ஏத்திக்கிட்டு வாங்க. இந்த வண்டிய நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே சைக்கிள் ஓட்டுவதை விட்டவள். அதுவும் புடவையோடு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மதகுக் கட்டையில் கால் வைத்து ஏறினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

"ஏன் டீச்சரம்மா, மொபெட்டுக்கு என்னா ஆச்சு?"

"உங்க வேலையப் பாருங்கய்யா!"

பெடல் கீழே போகும்போது என் கட்டை விரல் நுனிதான் அதைத் தொட்டது. இடுப்பைச் சாய்த்தால் இந்தப் பக்கம் வழுக்கும், நிமிர்ந்தால் சீட்டின் மூக்கு குத்தும். பிளாஸ்டிக் கவர் வெயிலில் காய்ந்து மொறமொறவென்று கிழிந்து ஓரமெல்லாம் பிளேடு மாதிரி நின்றது. அதற்கு மேலே ஸ்பாஞ்சு, அதற்கு மேலே குஞ்சம். கொஞ்ச தூரம் போவதற்குள் எனக்கு அழுகை வந்தது. ஆற்றுப் பாலம் வரைக்கும் வீம்புக்கு மிதித்தேன். அங்கே இறங்கியபோது காலைச் சேர்த்து வைத்து நிற்க முடியவில்லை. சவரிமுத்துவை, "நீங்க முன்னால போயி டீ குடிங்க" என்று விரட்டினேன். அவர் தலை மறைந்ததும் அமலாவைப் பார்த்துச் சொன்னேன்.

"அடியே, இந்த எழவு சீட்டுல உக்காந்தா மனுஷி நடக்க முடியுமாடி? எனக்கு அடியில தோலே உரிஞ்சு போச்சு. நாளைக்கு நான் எப்பிடி வேலைக்குப் போவேன்?"

அவள் என்னை நம்ப முடியாமல் பார்த்தாள். ஒரு டீச்சர் இப்படிப் பேசி அவள் கேட்டிருக்க மாட்டாள். அப்புறம் உடைந்து அழுதாள்.

"ஆமா டீச்சர். புண்ணாயிருச்சு டீச்சர். ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு காலையிலேருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. பெஞ்சுல உக்காரக்கூட முடியல."

"உங்க அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா சைக்கிள் வாணாம், ஊட்லயே இருன்னுருவாங்க."

பிள்ளைகளே, அந்தப் பாலத்தில் நின்றுகொண்டு எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஒரு போட்டோவுக்காகக் கட்டிய நூல். அந்த நூலுக்காக ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்காமல் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அவளை நேராக சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் நர்ஸிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்தேன். புண் ஆறுகிற வரைக்கும், வீட்டில் விஷயத்தைச் சொல்லாமல், நானே மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சைக்கிள் கடையில் குஞ்சத்தைப் பிய்த்தேன், ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்தேன், கவரை நகத்தாலேயே கிழித்தேன். சீட்டை அடி வரைக்கும் இறக்கி, மூக்கை மட்டமாக்கச் சொன்னேன். அமலா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையைத் தொட்டன. அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கடைக்காரர் மட்டும், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் முழுக்க வந்தாள். நானும் நிம்மதியாக என் டீமைப் பார்க்கப் போய்விட்டேன். அப்புறம் திரும்பவும் ஆப்சென்ட்.

இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே பைத்தியம் பிடித்தது. பள்ளி விட்ட கையோடு போனேன். வாசலில் சைக்கிள் நிற்கிறது. சீட் பழையபடி ஃபிட்டர் இடுப்பு உயரத்தில்.

"யாரு ஏத்துனது?"

சவரிமுத்து ஒளிக்கவில்லை. "நான்தான் டீச்சர். கீழ எறக்கி வச்சா எனக்கு முட்டி ஹேண்டில்ல இடிக்குது. பால் கேனோட எப்பிடி மிதிக்கிறது?"

"ஏத்துனீங்கல்ல, வந்ததும் திருப்பி எறக்கி வைக்க வேண்டியதுதானே?"

"மறந்து மறந்து போவுது டீச்சர். ஸ்பேனரு பக்கத்து ஊட்ல இருக்கு. அவுங்க கொல்லைக்குப் போயிருவாங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். பால் ஊற்றாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. திட்டித் தீர்க்கக்கூட ஒரு வில்லன் கிடைக்கவில்லை.

அப்போதுதான் உள்ளே இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அமலாவின் தாய்மாமன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பக்கத்தில் ஒரு துணிப்பை, வாய் கட்டித் தயாராக இருந்தது. அமலாவின் பை. அன்று ராத்திரி பஸ்ஸுக்கு அவளைக் கம்பெனி வேலைக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்," என்றார் மாமன். "சைக்கிள மிதிக்கவே முடியலங்குது. இங்க இருந்து என்னா பண்ணும்? அங்க வந்தா ஹாஸ்டல் வாசல்ல கம்பெனி பஸ்ஸு வந்து நிக்கும்." அப்புறம் சவரிமுத்துவைப் பார்த்து, "ரொம்ப யோசிக்காத மச்சான், எங்கூட அனுப்பு" என்றார்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "ஜாஸ்தி நாளு லீவு போட்டுருச்சாமே டீச்சர். பரிச்சையும் எழுத வுட மாட்டாங்கன்னா, அப்புறம் எதுக்கு?" என்றார். அமலா அடுப்பங்கரை இருட்டில் நின்றாள். பாலத்தில் பேசியதெல்லாம் எங்கே போனதோ, வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. பெண் கல்வியைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கலாம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு பஸ் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். சீட்டை மறுபடி இறக்கியிருக்கலாம். விடிந்தால் பால் கேனோடு அது மறுபடி ஏறும். நான் இறக்க, அவர் ஏற்ற, பிளஸ் டூ முடிகிற வரைக்கும் இந்தக் கூத்தை யார் நடத்துவது? நெருக்கடியில் நாலு பக்கமும் யோசிக்க நேரம் இருக்காது. எது திரும்பத் திரும்ப நடக்கிறதோ அதை நடக்கவே முடியாமல் செய்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் புள்ளைய எங்கயும் அனுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டு, அமலாவைக் கூப்பிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும் அவளும் மெயின் ரோட்டில் இருந்த வெல்டிங் பட்டறைக்குப் போனோம். சீட்டைத் தாங்குகிற கம்பியை வெளியே உருவச் சொன்னேன். சீட்டை அடி வரைக்கும் இறக்கினால் நாலு விரல் அளவு கம்பி குழாய்க்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே இருக்கிறதை அறுக்கச் சொன்னேன்.

பட்டறைக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "கவர்மெண்டு வண்டிங்க டீச்சர். நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"அறுங்க."

"நாளைக்கு ஏத்தணும்னா ஏறாதுங்க. ஏத்துனா கையோட வந்துரும்."

"அதுக்குத்தான்யா அறுக்கச் சொல்றேன்! இவ அப்பா வந்து ஒட்டித் தரச் சொன்னா ஒட்டித் தரக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

அமலா என்னையும் ரம்பத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். துண்டு கீழே விழுந்ததும் அவளே அதைக் குனிந்து எடுத்துப் பாவாடையில் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சவரிமுத்து சீட்டைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஸ்பேனர் அன்றைக்கு எப்படியோ கையில் இருந்தது. நட்டைத் தளர்த்தி மேலே இழுத்தார். முள்ளங்கியைப் பிடுங்கினது போல சீட் கையோடு வந்துவிட்டது.

"என்னா டீச்சர் இது? நான் பால எதுல கொண்டுபோவேன்?"

வேலி ஓரத்தில் அவருடைய பழைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. "அந்தக் கொடிய எடுத்துட்டு டயர் போடுங்க. அது உங்க வண்டி, இது அவ வண்டி" என்றேன்.

மாமன் சிரித்துவிட்டார். "மச்சான், டீச்சரம்மா ஒன் கால வெட்டிட்டாங்க." யாரும் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. சவரிமுத்து சீட்டைத் திரும்பக் குழாயில் செருகி, மாட்டுப் பக்கம் போய்விட்டார். இருட்டுகிற நேரத்தில் அமலாவின் அம்மா எழுந்து அந்தத் துணிப்பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மாமன் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஹீரோயின். திங்கட்கிழமை காலை தலைமையாசிரியை அறையிலிருந்து ஆள் வந்தது. உள்ளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சவரிமுத்து நிற்கிறார்.

"டீச்சர், கவர்மெண்டு சைக்கிளை ரம்பம் வச்சு அறுத்தீங்களாமே? உண்மையா?"

"உண்மைதான் மேடம்."

"ஆடிட்ல வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ரிட்டையர் ஆகற நேரத்துல எனக்கு இது தேவையா? யாரு உங்கள அறுக்கச் சொன்னது?"

நான் பதிலுக்கு அந்த நூலைப் பற்றி ஆரம்பிக்கப் போனேன். ஆரம்பித்திருந்தால் என் வாய்க்கு என்னவெல்லாம் வந்திருக்குமோ தெரியாது. அதற்குள் கதவுப் பக்கம் ஒரு குரல்.

"நான்தான் மேடம் அறுக்கச் சொன்னேன்."

அமலா. பிரேயருக்குப் போகாமல் எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். பச்சைப் பொய். பட்டறையில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீயா?"

"அது எனக்குக் குடுத்த சைக்கிள் மேடம். அதுல உக்காந்தா எனக்குப் புண்ணாவுது. அப்பா தெனம் ஏத்திடறாரு. ஏத்த முடியாம பண்ணிக் குடுங்கன்னு நான்தான் டீச்சர்கிட்ட கேட்டேன். ஆடிட்ல கேட்டாங்கன்னா என்னைக் கூப்புடுங்க, நான் சொல்றேன்."

பெடல் கனமாக இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்ன அதே பிள்ளை. அப்பா முன்னாலேயே, தலைமையாசிரியை முகத்தைப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். சவரிமுத்து மகளையே பார்த்தார். "புண்ணா? எங்கிட்ட சொல்லவே இல்லியே பாப்பா" என்றார் மெல்ல. தலைமையாசிரியைக்கு வணக்கம் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அந்த வாரமே பூசணிக்கொடிக்குக் கீழே இருந்த வண்டிக்கு டயர் போட்டுவிட்டதாக அமலா சொன்னாள்.

தலைமையாசிரியை மேஜையில் இருந்த விழா போட்டோவைப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நிற்கிற சீட்டுகள். "போங்க டீச்சர், நான் எதையும் கேக்கல" என்றார்.

வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு கும்பல். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"டீச்சர், என்னுதையும் அறுத்துக் குடுங்க டீச்சர். எங்க அண்ணன் எடுத்துக்கறான்."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குச் சித்தப்பா. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. வயிற்று வலி, எதிர்க்காற்று, செயின் என்று லீவு போட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். என்னால் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. பட்டறைக்காரருக்கு ஆள் அனுப்பினேன்.

இனிமேல் உங்கள் பள்ளிக்கும் எதுவாவது வந்து இறங்கும். சைக்கிளோ வேறெதுவோ. நூல் கட்டச் சொல்வார்கள், கட்டுங்கள், நம்மால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் சாமியானாவைப் பிரிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றி உட்கார வைத்துப் பாருங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நீங்களும் ஒரு தடவை ஏறி உட்காருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள். அமலா. கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. புது வண்டி, முதல் மாதச் சம்பளத்தில் தவணைக்கு எடுத்ததாம். எனக்குக் காட்டத்தான் வந்திருக்கிறாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். சீட்டில் பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது.

"ஏண்டி, ஒனக்குமா? இத மொதல்ல கிழிடி!"

"புதுசு டீச்சர். அழுக்காயிடும்."

தலையில் அடித்துக்கொண்டேன். இவ்வளவு பட்டும் இதுதானா என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். கோபம் ஆறிய பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காரு. இந்த வண்டிய ஓட்டிப் பாக்கணும்னு கேட்டாரு டீச்சர்."

"குடுத்தியா?"

"ஞாயித்துக்கெழமையில மட்டும் குடுப்பேன்," என்று சொல்லிவிட்டு அமலா சாவிக்கொத்தை எடுத்து என் முன்னால் ஆட்டினாள். அதில் சின்னதாக ஒரு இரும்புத் துண்டு தொங்கியது. பட்டறையில் அறுத்துப் போட்ட கம்பியின் நுனி, ஓட்டை போட்டு வளையம் மாட்டியிருந்தாள்.